கொளஞ்சி வூட்டு முறை

போன மாதம் கள்ளக்குறிச்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. குழந்தையிடம் மிட்டாயை நீட்டும் ஒரு ஆள். பெரிய மீசை, சிவந்த கண், கழுத்தில் கைக்குட்டை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒருத்தன் எங்கள் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெரு நாயே திருப்பி அனுப்பிவிடும். பிறகு ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், உங்க ஊர்ல ஒரு கேஸை நீங்கதான் கண்டுபுடிச்சீங்கன்னு சொல்றாங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"தெரியலம்மா" என்றேன்.

அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அன்றைக்கும் குழப்பம், இன்றைக்கும் குழப்பம். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஊரைச் சொன்னால் தெருவைச் சொன்ன மாதிரி, தெருவைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் முதல் வேலை. எடை போடுவது, சத்துமாவு கொடுப்பது, தடுப்பூசிக்கு அம்மாக்களைத் துரத்திப் பிடிப்பது. மழை பெய்தால் பஸ் வராது, பஸ் வராவிட்டால் மாவு வராது. அப்புறம் மாற்றலாகி அடிவாரத்துக்கு, கச்சிராயபாளையம் பக்கம் வந்து சேர்ந்தேன். காய்ச்சலுக்கு என்ன செய்வது, வயிற்றுப்போக்குக்கு என்ன செய்வது என்றெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெரியவன் ஒரு குழந்தையிடம் தப்பாக நடந்தால் என்ன செய்வது என்று யாரும் வாயைத் திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

பிறகுதான் ஊருக்கு ஊர் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஊராட்சித் தலைவர், தலைமை ஆசிரியர், மகளிர் குழுவில் சிலர், அங்கன்வாடிப் பணியாளர் என்ற முறையில் நான். கூட்டம் என்றால் தலைவர் வர மாட்டார், வடை வரும். வடையைத் தின்றுவிட்டு, குழந்தைத் திருமணம் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டு எழுந்து போவோம். அந்த நிலைமையை மாற்றியவள் மகளிர் குழுவிலிருந்து வந்த கொளஞ்சி.

நான் வேலை பார்த்த தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கரும்புக் காடுகள் எல்லாம் மற்றவர்களுடையவை, வெட்டுவது மட்டும் இவர்கள். வெட்டு தொடங்கிவிட்டால் விடியும் முன்பே கிளம்பிப் போய்ப் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் தெருவில் அநாதையாகத் திரியும். கரும்பு ஏற்ற வெளியூர் லாரிகள் வந்து நிற்கும். அதற்குப் பயந்தே கொஞ்சம் வளர்ந்த பெண்பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நிறுத்தித் தங்களோடு வெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஒரு கூட்டத்தில் கொளஞ்சி எழுந்தாள். நல்ல உயரம். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். "வாய்க்கா தண்ணிக்கு முறை வெக்கிறாங்க. மாரியாத்தா கூழுக்கு நாம முறை வெக்கிறோம். புள்ளைங்களுக்கு ஒரு முறை வெச்சா இன்னா டீச்சர், கொறஞ்சா பூடும்?" என்றாள் என்னைப் பார்த்து.

முறை என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் இந்த வீட்டுக்கு இந்த நேரம் என்று உண்டு. அந்த நேரத்துக்கு அந்த வீட்டு ஆள் ஒருவர் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். அப்பனுக்கு முடியவில்லையா, மகன் நிற்பான். மகன் ஊரில் இல்லையா, மருமகன் நிற்பான். யார் நின்றால் என்ன, வீட்டு முறை தவறக் கூடாது. தவறினால் அந்த வீட்டுக்கே அவமானம்.

அப்படியே பிள்ளைகளுக்கும் வைத்தோம். தினம் ஒரு வீட்டுப் பெண் வெட்டுக்குப் போகாமல் நின்றுகொள்வாள். அவள் பங்குக் கரும்பை மற்றவர்கள் சேர்த்து வெட்டிக் கட்டிவிடுவார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் எல்லாம் நேராக முறைக்காரி வீட்டுக்குப் போக வேண்டும், அம்மாக்கள் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அந்த வருடம் ஒரு பெண்கூடப் பள்ளியை விட்டு நிற்கவில்லை. மேலதிகாரிகள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருட வெட்டின்போதுதான் பவுனு விஷயம். பவுனு நாலாம் வகுப்பு. வாயாடி. அம்மா தனம் வெட்டுக்குப் போகிறவள், அப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தார். ஒருநாள் மதியத்துக்குமேல் நான் மையத்தைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்புகிறேன், பூட்டின கதவுக்கு முன்னால் படியில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். முதுகில் பை அப்படியே இருக்கிறது.

"முறை வூட்டுக்குப் போவலையாடி?"

"போவல."

"ஏன்?"

"சும்மா."

பிள்ளைகளுக்குள் சண்டை என்று நினைத்தேன். மறுநாள் மற்ற பிள்ளைகளோடு வேறொரு வீட்டு முறைக்குச் சிரித்துக்கொண்டே போனாள். நானும் மறந்துவிட்டேன். சில நாள் கழித்து மறுபடியும் அதே படி, அதே பை. பேச்சு கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. வாயாடிப் பிள்ளை வாயை மூடியதுதான் எனக்கு உறுத்தியது. மூன்றாம் தடவை உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், "இன்னைக்கு யார் வூட்டு முறை?"

"கொளஞ்சி வூட்டு முறை" என்று சொல்லிவிட்டுக் காலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கொளஞ்சி பிள்ளையை அடித்திருக்கிறாள், இல்லை கிள்ளியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் வாய் அப்படிப்பட்டது, கையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பு. பொழுது சாய்ந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். "புள்ளைய இன்னாடி பண்ண? உன் முறைன்னாலே ஓடியாந்து என் வாசப்படியில உக்காந்துக்குது" என்றேன்.

கொளஞ்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் இன்னா பண்ணேன்? நான் வூட்லயே இல்லயே டீச்சர். எங்கம்மா நைனார்பாளையத்துல படுத்த படுக்கையா கெடக்குது. வெட்டு இல்லாத நாளு எனக்கு என் முறை நாளு ஒண்ணுதான். அன்னைக்கு மத்தியானம் போய்ப் பாத்துட்டு வந்துக்கினு இருக்கேன். அதுக்காவ முறைய வுட்டனா? ஏழுமலைதான் குந்திக்கினு பாத்துக்குது. ஒரு நாளு தவறல. வோணும்னா தெருவ கேளு."

ஏழுமலை அவள் கொழுந்தன். லாரியில் கரும்பு ஏற்றும்போது விழுந்து கால் அடிபட்டு, அந்த வெட்டு முழுக்க வீட்டிலிருந்தான். தெருவில் எல்லாருக்கும் நல்லவன். எங்கள் மையத்துக் கைப்பம்பு ரிப்பேர் என்றால் அவன்தான் வந்து சரிசெய்வான். பிள்ளைகளுக்குக் கரும்புத் தோகையில் பீப்பி செய்து கொடுப்பான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த இரவு முழுக்க எனக்குள் ஒரே வாக்குவாதம். அவனா? இருக்காது. பிறகு ஏன் பவுனு வரவில்லை? மற்ற பிள்ளைகள் போகின்றனவே. ஏதாவது திட்டியிருப்பான். திட்டினால் வாயாடிப் பிள்ளை திருப்பித் திட்டியிருக்குமே. வீணாகச் சந்தேகப்பட்டு ஒரு குடும்பத்தைத் தெருவில் இழுத்துவிட்டால் என் நாக்கு அழுகிப் போகும். சந்தேகம் சரியாக இருந்து நான் சும்மா இருந்துவிட்டால்? சந்தேகம் வந்தாலே சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அது எனக்கும் தெரியும். ஆனால் என் சந்தேகத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

காலையில் விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை, எதற்கெடுத்தாலும் விழுப்புரம்தான். குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மா. எங்களுக்கு அவர் 'மேடம்'. அவர் பேசினால் எதிரில் இருப்பவர் காதை நீட்ட வேண்டும், அவ்வளவு மெதுவான குரல். 'ஐயோ பாவம்' என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இது குழந்தை சொன்னதா, நீங்க சொல்றதா?" எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது.

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் அவர் அதையேதான் கேட்டார்.

"குழந்தை எதுவுமே சொல்லல மேடம். இன்னைக்கு யார் வீட்டு முறைங்கறதை மட்டும்தான் சொல்லுச்சு."

"அப்ப அதுதான் நம்மகிட்ட இருக்கு. மேற்கொண்டு நீங்க எதுவும் கேக்காதீங்க. 'அவன் என்ன பண்ணான்'னு கேட்டா அவன்ங்கற ஆளை நீங்களே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கும் குடுக்காதீங்க. சொல்லித்தான் ஆகணும் நாம. நான் வர்றேன்."

மறுநாள் ஜீப்பில் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜீப் வந்தால் தெரு கூடிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "கோபத்தைச் செருப்பு மாதிரி வெளியில விட்டுட்டு வாங்க டீச்சர்" என்றார். பிறகு, "அவளுக்கு எங்க உட்காரப் பிடிக்கும்?" என்று கேட்டார். படியைக் காட்டினேன். தனத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி வெட்டுக்குப் போகாமல் இருக்கச் சொல்லியிருந்தோம். எதற்கு என்று அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது, எனக்கும் பாதிதான்.

பவுனு மேல் படியில் உட்கார்ந்தாள். மேடம் அதற்குக் கீழ்ப் படியில், அவளை நேராகப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். என்னையும் தனத்தையும் கைப்பம்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார், பிள்ளைக்கு நாங்கள் தெரிய வேண்டும், அவள் பேசுவது எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று. முதலில் பள்ளிக்கூடம், பிறகு யார் சிநேகிதி, பிறகு முறை என்றால் என்ன என்று கேட்டாராம். முறையை அவருக்கு விளக்கிச் சொல்லும்போது பவுனுவின் கை ஆட ஆரம்பித்தது, பழைய வாயாடி திரும்பி வந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் கை நின்றது. மேடம் எதுவும் கேட்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார். எனக்கோ ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தனம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நகம் பதிந்தது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பவுனு சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. சொல்லி முடித்ததும் எழுந்து என்னிடம் வந்தாள். மேடமும் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், நான் சொன்னதுனால முறை நின்னுடுமா? அம்மா வெட்டுக்குப் போவ முடியாதா?"

இவ்வளவு நாள் இந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தது இதற்குத்தான். 'நிக்காதுடி என் கண்ணு' என்று சொல்ல வாயெடுத்தேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"நீ சொன்னது சரிதான் பவுனு. முறையைப் பத்தி யோசிக்கறது பெரியவங்க வேலை" என்றார் அவர்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சண்டை பிடித்தேன். "நிக்காதுன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா மேடம்? புள்ள நிம்மதியா தூங்கி இருக்குமே."

"நின்னுட்டா? அப்புறம் நம்ம யாரையும் அவ நம்ப மாட்டா. நிக்காம பாத்துக்கறது உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். இவருக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

புகார், மகளிர் காவல் நிலையம், மருத்துவமனை எல்லாம் முறைப்படி நடந்தன. சீருடை போடாத ஒரு பெண் காவலர் பவுனுவின் வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டு போனார். ஏழுமலையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு இழுத்தடித்துக் கடைசியில் தண்டனை ஆனது. ஆனால் அன்றைக்குத் தெருவில் நடந்தது வேறு.

பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது என்று நாங்கள் தலைகீழாக நின்றோம். ஒரு தெருவுக்குள் எது நிற்கும்? ஆளுக்கொரு பேச்சு. ஏழுமலையா, அவனா என்று பாதிப் பேர் நம்பவில்லை. நம்பியவர்கள் முறையைத் திட்டினார்கள். "பொம்பளைங்க கூடிப் பண்ண வேலை, பாத்தியா எங்க வந்து நிக்குதுன்னு" என்றார்கள் ஆண்கள். வெட்டுக்குப் போகாமல் வீட்டில் நின்றவர்கள் பாதி, பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு போனவர்கள் மீதி. தனத்திடம் வந்து, பவுனுவை மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிடு, நாலு பேர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று புத்தி சொன்னார்கள். கொளஞ்சி வீட்டுக் கதவு திறக்கவே இல்லை.

ஊர் இப்படிக் கிடந்தபோது குழுக் கூட்டம் போட்டேன். இந்தத் தடவை வடை இல்லை. தலைவர்கூட வந்துவிட்டார். முறையை நிறுத்திவிடலாம் என்று பேச்சு முடியப் போகிற நேரத்தில் கொளஞ்சி உள்ளே வந்தாள். தலை வாரவில்லை. கொழுந்தனுக்காகச் சண்டை போட வந்திருக்கிறாள் என்று எல்லாரும் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"எங்க வூட்டு முறைய எடுத்துடுங்க" என்றாள்.

தலைவர் தீர்மான நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

"வூட்டு முறைய எடுத்துடுங்க. என் முறைய எடுக்காதீங்க. தண்ணிக்குத்தான் முறை வூட்டுக்கு. புள்ளைங்களுக்கு முறை ஆளுக்குன்னு வெச்சிருக்கணும். நமக்கு அது தோணல. இனிமே யார் பேரு சொல்றமோ அவதான் குந்தணும். அவளால முடியலன்னா டீச்சர் குந்தட்டும். வூட்டுக்குள்ள வேணாம், இந்த மையத்து வாசல்ல, ரோட்டுல போறவன் வர்றவன் பாக்கற மாதிரி. என் மேல நம்பிக்கை இல்லன்னா சொல்லிடுங்க, போய்டறேன்."

எல்லாரும் தனத்தைப் பார்த்தார்கள். தனம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "எம் பொண்ணு எந்த மலைக்கும் போவ மாட்டா" என்றாள். "அவ இன்னா தப்பு பண்ணா, ஊர வுட்டுப் போறதுக்கு? இங்கதான் இருப்பா, இங்கதான் படிப்பா." கொளஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். சரியாகத்தான் எடுத்துக்கொண்டோமா என்று இன்றுவரை தெரியாது.

கொளஞ்சிக்கு முன்பே ஏதாவது தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளைகளை அவனிடம் விட்டிருக்க மாட்டாள் என்று ஒருநாள் தோன்றும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போகும் என்று இன்னொரு நாள் தோன்றும். நான் அவளைக் கேட்டதில்லை. புருஷன் வீட்டார் அவளோடு பேச்சை விட்டார்கள். அவள் வாயும் பழைய வாய் இல்லை.

முறை நின்று போகவில்லை. ஆளுக்கு முறை என்று மாற்றி, மையத்து வாசலில் நடத்தினோம். கொளஞ்சியின் முறை நாளில் பவுனு வருவாள். ஆனால் முதுகுப் பையைக் கழற்ற மாட்டாள், கடைசிப் படியில் ரோட்டைப் பார்த்து உட்காருவாள். கொளஞ்சி அவளைக் கிட்டே கூப்பிடவும் மாட்டாள், எழுந்து போகவும் மாட்டாள். சத்துமாவு உருண்டையைத் தட்டில் வைத்து அந்தப் படி வரைக்கும் தள்ளிவிடுவாள். நைனார்பாளையம் போவதை அடியோடு நிறுத்திவிட்டாள். "என் முறை நாள்ல போவ மாட்டேன் டீச்சர்" என்பாள். அவளுக்கு வேறு நாள் ஏது?

வெட்டு முடியப் போகிற சமயம், கொளஞ்சியின் முறை நாள் ஒன்றில், எங்கள் தெருக் கடைக்காரருக்கு நைனார்பாளையத்திலிருந்து போன் வந்து, அவர் ஓடி வந்து சொன்னார். அவள் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, உடனே வரச் சொல்கிறார்கள் என்று. நான் உள்ளேதான் இருந்தேன். "போ, நான் பாத்துக்கறேன்" என்றேன். நாங்கள் போட்ட விதியிலேயே அதற்கு இடம் இருந்தது. கொளஞ்சி எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லா தாய்மாரும் வந்துடட்டும் டீச்சர்" என்றாள். அவளைத் திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, இல்லை எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லையா என்று நின்றேன்.

கடைசிப் படியிலிருந்து பவுனு திரும்பினாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் கொளஞ்சியிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"நீ போ அத்த. டீச்சர் இருக்காங்க, நாங்க இருப்போம்" என்றாள்.

கொளஞ்சி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினாள். பவுனு அவள் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதுகுப் பையைக் கழற்றிக் கொளஞ்சி உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளைக் கிட்டே வரச் சொன்னாள்.